அறுபத்து நாலு தாள்

மேனேஜர் அம்மா கொடுத்த படிவம் இஸ்திரி அக்காவின் ஏப்ரன் பையில் நாலாக மடிந்து கிடந்தது. இன்னும் இரண்டு வருஷம் இதே சலவைக்கூடத்தில் இருக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ‘விருப்பமில்லை’ கட்டத்தில் ஒரு டிக். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்ததும் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? வேறு ஊரில் வேலை கிடைத்துப் போன புருஷன், “நீ இருக்கிற இடத்துலயே இரு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இடம் மாறினால் மனுஷன் எங்கே வந்து தேடுவான்? பன்னிரண்டு வயது மகளோ ஊரில் பெரியம்மா வீட்டிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், “எப்பம்மா வருவ?” என்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு மட்டும் இஸ்திரி அக்காவுக்கு எப்போதும் சிக்னல் சரியாகக் கிடைக்காது.

கையெழுத்தைப் பிறகு போடலாம் என்று வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு நாவல் பேசும் நாள்.

அந்த நாவல் வந்த கதையே ஒரு கதை. எவரோ அழுக்குத் துணிப் பையில் மறந்துவிட்ட தலையணை கனத்துப் புத்தகம் அது. மூன்று மாதமாக யாரும் கேட்டு வரவில்லை. ஒரு புத்தகம், படிக்கத் துடிக்கிறவர்கள் நாலு பேர். துணிகளுக்கு நம்பர் போடுகிற நம்பர் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். நாலு பேருடைய வாழ்க்கை ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போகிற நாவல். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலையில் யார் கதை என்று போட்டிருந்தது, ஒவ்வொன்றும் புதுத் தாளில் தொடங்கியது. மனுஷன் தையலைப் பிரித்து, டீச்சர் கதை தனி, படகோட்டி கதை தனி, தபால்காரர் தனி, தையல்காரர் தனி என்று நாலு கட்டாகப் பிரித்து, தாளை எண்ணி, அட்டையில் எழுதி ஊக்குக் குத்திவிட்டார்.

“கலந்து கிடந்தா யாருக்கு என்ன புரியும்? அவங்கவங்க துணி அவங்கவங்களுக்கு” என்றார்.

படித்துவிட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. ஆனால் ஒருத்தரும் மாற்றவில்லை. அவரவர் ஆளை அவரவர் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

“முதல்ல நான் சொல்றேன்,” என்று ஆரம்பித்தாள் ரேடியோ. உருளும் மெஷின் சத்தத்தையும் மீறிப் பேசக்கூடியவள் என்பதால் அந்தப் பெயர். “என் தபால்காரரு தங்கம். மழையோ வெயிலோ, ஒரு கடுதாசிய விட்டதில்ல. இந்த நாவல்ல மனுஷன்னா அவர் ஒருத்தர்தான்.”

“ஆமா, பெரிய தங்கம்,” என்றாள் இஸ்திரி அக்கா. “என் டீச்சர் புருஷன் படகெடுத்துட்டுப் போயி எட்டு வருஷம். தினம் சாயங்காலம் வாசல் கேட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. உன் ஆளு தலையக் குனிஞ்சிக்கிட்டு சைக்கிள்ல போறாரு. ஒரு நாள் நின்னு ரெண்டு வார்த்தை பேசக் கூடாதா?”

“நிக்காம? மாசா மாசம் அந்த வீட்டுல நிக்கிறாரே!”

“எந்த வீட்டுல?”

“டீச்சர் வீட்டுலதான். வாசப்பக்கம் இல்ல, பின்கட்டு கேட்டுல. படகோட்டி தங்கச்சி வந்து கடுதாசிய வாங்கிக்கிறா. வாங்கிட்டு, ‘அண்ணிக்குத் தெரிய வேணாம்’னு சொல்றா. அதனாலதான் என் மனுஷன் டீச்சர் மூஞ்சியப் பாக்க முடியாமத் தலையக் குனிஞ்சிக்கிறாரு. நான் அழுதே போயிட்டேன்.”

இஸ்திரி அக்காவின் கையிலிருந்த கவளம் டப்பாவிலேயே இறங்கியது. எட்டு வருஷம் டீச்சரோடு சேர்ந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

“கடுதாசி யாரு போட்டா?”

“எனக்கென்ன தெரியும்? என்கிட்ட இருக்கிறது தபால்காரர் கட்டு. படகோட்டி கட்டு உங்க நாத்தனார்கிட்டதான இருக்கு.”

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் துண்டு மடிக்கும் மேசையில் வேலை செய்கிறவள். இரண்டு வருஷமாக அண்ணியும் அவளும் ஒரே அறையில், ஒரே அடுப்பில். அவள் ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

“என் கட்டுல அப்படி ஒண்ணுமில்ல. அவன் புயல்ல மாட்டிக்கிறான். அவ்வளவுதான். சப்புன்னு முடிஞ்சிருச்சு.”

“புயல்ல போனவன் எப்படி மாசா மாசம் கடுதாசி போடுவான்?” ரேடியோ சிரித்தாள். “கடலுக்கடியில போஸ்டாபீஸ் தொறந்திருக்காங்களா?”

நம்பர் அண்ணன் பல் குத்துவதை நிறுத்தினார். “இருங்க இருங்க. இப்பத்தான் எனக்குப் புரியுது. என் தையல்காரரு பக்கம் பக்கமா ஒரே ஒரு சின்ன சட்டை தைக்கிறாரும்மா. யாருக்குன்னே சொல்லல. என்னடா இது, அறுவையா இருக்கேன்னு திட்டிக்கிட்டே படிச்சேன். நாலு வயசுப் புள்ள அளவு. அளவு கொண்டு வந்து கொடுத்தது அந்தத் தங்கச்சிதான். ‘அண்ணன் வீட்டுக்கு அனுப்பணும்’னு சொல்லுவா. டீச்சருக்குத்தான் புள்ளையே இல்லையே?”

“இல்ல,” என்றாள் இஸ்திரி அக்கா.

“அப்ப எந்த வீடு?”

நீராவிக் குழாய் ஒருமுறை சீறி அடங்கியது. இஸ்திரி அக்காவுக்கு ஒரு கவுன் ஞாபகம் வந்தது. மூன்று மாதம் முன்னால் நாத்தனார் ஒரு குட்டிக் கவுனைக் கொண்டுவந்து, “அண்ணி, கூட வேலை பாத்தவளோட குழந்தைக்கு அனுப்பணும், கொஞ்சம் தேச்சுக் கொடுங்க” என்றாள். மஞ்சள் கவுன். கழுத்தைச் சுற்றி லேஸ். லேஸ் கருகிவிடக் கூடாதே என்று ஈரத்துணி போட்டு, பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்துத் தேய்த்துக் கொடுத்தாள். என் பெண்ணுக்குக்கூட இப்படி ஒன்று எடுத்ததில்லையே என்றும் அன்றைக்கு நினைத்தாள்.

“அண்ணே,” என்றாள். தன் குரலே அவளுக்கு யாருடையதோ போலக் கேட்டது. “படகோட்டி கட்டுல எத்தனை தாள்?”

“அட்டையிலயே இருக்கும்.”

“எண்ணுங்க.”

“எதுக்கு அண்ணி, கதைதானே...” நாத்தனார் கட்டை மடிக்கு இழுத்தாள். நம்பர் அண்ணன் கை நீட்டினார். அவர் போட்ட நம்பரில் ஒரு தலையணை உறை குறைந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

“அட்டையில அறுபத்து நாலு. இங்க அம்பத்தெட்டு. என் எண்ணிக்கை தப்பாதும்மா. ஆறு தாள் எங்க?”

“கிழிஞ்சிருக்கும்.”

“ஆறும் சேந்தாப்புலயா?”

நாத்தனார் ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். எட்டாக மடித்த தாள்கள் வெளியே வந்தன. மேசையில் வைத்தாள், அண்ணி பக்கம் தள்ளவில்லை.

“அண்ணி, நீங்க படிச்சா மனசு கஷ்டப்படும்னுதான்...”

“கதை எனக்கு வேணாம்.” இஸ்திரி அக்கா தாள்களைத் தொடவில்லை. “உன் அண்ணன் பேசினானா?”

இத்தனை வருஷத்தில் ‘பேசினாரா’ என்று மட்டுமே கேட்டவள் அவள். அந்த ஒரு ‘னா’வில் ரேடியோகூட வாயை மூடிக்கொண்டாள்.

“போன வருஷத்துலேர்ந்து... அப்பப்ப.”

“கவுன் யாருக்கு?”

நாத்தனார் ஊறுகாய்ப் பாட்டிலை மறுபடி கையில் எடுத்தாள்.

“யாருக்குடி?”

“அவன் பொண்ணுக்கு. அங்க ஒருத்தி கூட... ரெண்டாவது வயசு நடக்குது.”

“என்னைத் தேய்க்க வச்ச.”

“நீங்கதான் லேஸ் கருகாமத் தேய்ப்பீங்க அண்ணி,” என்று சொல்லிவிட்டாள் நாத்தனார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முகத்தைப் பொத்திக்கொண்டாள். “சொன்னா நீங்க அன்னிக்கே ஊருக்குக் கிளம்பிருவீங்க. எனக்கு இங்க யாரு இருக்கா? அந்த ரூமுக்குத் தனியாப் போயி எப்படிப் படுப்பேன்? இந்த நாவல எழுதினவன் நாலு பேருக்குக் கட்டு கட்டா எழுதியிருக்கான், அந்தத் தங்கச்சிக்குன்னு ஒரு தாள் எழுதினானா? அவ ஏன் மறைச்சான்னு எவனாவது கேட்டானா?”

மெஷின் உருண்டுகொண்டே இருந்தது. இன்று காலைவரை அந்த டீச்சரை எவ்வளவு நல்லவள், எவ்வளவு பொறுமைக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் இஸ்திரி அக்கா. இப்போது அவளைக் கேட்டிலிருந்து தரதரவென்று இழுத்துவர வேண்டும் போலிருந்தது.

மணி அடித்தது. கதவருகே மேனேஜர் அம்மாவின் செருப்புச் சத்தம்.

இஸ்திரி அக்கா படிவத்தை விரித்தாள். மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள், பழக்கதோஷம். நம்பர் அண்ணனின் காதிலிருந்த பேனாவை உருவி, ‘விருப்பமில்லை’ கட்டத்தில் டிக் போட்டாள். டிக் கட்டத்தைத் தாண்டிப் போனது.

“நல்லா யோசிச்சியாம்மா?” என்றாள் மேனேஜர் அம்மா.

“ரெண்டு வருஷம் யோசிச்சாச்சுங்க.”

அவள் போனதும் ரேடியோ மெல்ல, கிட்டத்தட்டக் கிசுகிசுத்தாள். “அக்கா... நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது.”

“போடி. அந்த டீச்சர் ஊர்ல உன்ன மாதிரி ஒருத்தி இருந்திருந்தா எட்டு வருஷம் நின்னிருக்க மாட்டா.”

நாத்தனார் இன்னும் மேசையிலேயே குனிந்திருந்தாள். இஸ்திரி அக்கா அந்த ஆறு தாளையும் எடுத்துப் பிரித்து, தன் பலகையில் பரப்பி, சூட்டைக் குறைத்துவைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தேய்த்ததை நம்பர் அண்ணன் கையில் கொடுத்தாள்.

“எண்ணிக்கைய சரி பண்ணிக்கங்க.”

பிறகு நாத்தனாரிடம் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள்.

“ரூம் சாவி உன்கிட்டயே இருக்கட்டும். நான் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் இருப்பேன். அதுக்குள்ள தனியாப் படுக்கப் பழகிக்க.”

இஸ்திரிப் பெட்டியின் சூட்டை மறுபடி ஏற்றினாள். படுக்கை விரிப்புகள் இருநூறு காத்துக்கிடந்தன.