அலைச் சாணை

பாக்கியலெட்சுமியின் கொப்பியைப் புவனேந்திரன் திருடிய கதை பதுளையில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் அதைத் திரும்ப வாங்கிய கதையைத்தான் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுகிறார்கள். கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, நடந்த மாதிரியே சொல்லுறேன்.

பாக்கியம் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். பதுளை டவுனில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் உட்கார்ந்து பேசுவார். இந்தப் பக்கம், வரிசை வரிசையான பட்டன்களுக்கு முன்னால் இவள்.

மெஷினோடு வரும் புத்தகமெல்லாம் இங்கிலீஷ். வேலைக்கு வருகிற பிள்ளைகளோ தோட்டத்துப் பிள்ளைகள், அதைத் திறந்ததுமே பயந்துபோகும். அதனால் பழைய டெக்னீஷியன்மார் வாயில் புழங்கிய தமிழ்ச் சொற்களை பாக்கியம் ஒரு கொப்பியில் எழுதி வந்தாள். காலையில் மைக்கையும் லைனையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதற்கு அவர்கள் வைத்த பேர் பெரட்டு. தோட்டத்தில் விடியக்காலையில் பேர் கூப்பிடுகிற அதே பெரட்டுதான். யாராவது குரலை உயர்த்தினால் ஒரு பெட்டி உடனே அமத்திவிடும். அதுக்குப் பேர், தோட்டத்தில் ஆட்களை அடக்கி வேலை வாங்குகிறவரின் பேர்தான், கங்காணி. தாமதப் பெட்டி என்று ஒன்று. அறைக்குள் பேசியது ஏழு வினாடி பிந்தித்தான் ஊருக்குக் கேட்கும். யாராவது தகாத வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குள் சிவப்புப் பட்டனை அமத்தினால் போதும், வெளியே போகாது. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம், பென்சிலில் ஒரு படம்.

அந்தக் கொப்பியைத்தான், "ஒரு கிழமை குடு பாக்கியம், பிழை திருத்தித் தாறேன்" என்று மனேஜர் புவனேந்திரன் வாங்கிக்கொண்டு போனான். விளம்பரப் பகுதியில் இருந்து நேரே மனேஜர் கதிரைக்கு வந்தவன். ஒரு வயரைக் கையால் தொட்டதில்லை.

ஒரு வாரம் என்று வாங்கியது எட்டு மாசமானது. பிறகு பல்கலைக்கழகங்களுக்கு விற்க என்று பளபளவென்று ஒரு புத்தகம் வந்தது. 'ஒலிபரப்புப் பொறியியல் கலைச்சொற்கள்', ஆக்கம் புவனேந்திரன். முன்னுரையின் கடைசி வரியில், தேநீர் தந்து உபசரித்த ஊழியர்களுக்கு நன்றி.

பாக்கியம் அவன் அறைக்குப் போனாள்.

"சேர், எம்பேரு எங்கயும் இல்லையே."

"சொல்லெல்லாம் என்ன ஒங்கப்பன் சொத்தா பாக்கியம்? ஊர்ல பேசுறதுதானே."

"எழுதினது நாந்தானே சேர்."

அவன் சிரித்தான். "நான் உண்மையைச் சொல்றேன், கோவிச்சுக்காத. லயத்துப் பொம்பள எழுதினதுன்னு போட்டா எந்தக் கெம்பஸ்ல வாங்குவான்? போ, போயி பட்டனைப் பாரு."

 அவள் ஒரு பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். எல்லாம் அவள் வசனம், ஒரு கமா கூட மாறவில்லை.  கடைசிக்கு முந்தின பக்கத்துக்கு வந்ததும் புரட்டுகிற கை அப்படியே நின்றது.

அங்கே 'அலைச் சாணை' என்று இருந்தது.

அலைச் சாணை என்றால் என்ன என்று கேட்கிறீங்களா? அப்படி ஒரு சாமானே கிடையாது என் செல்லங்களா. புதிதாக வேலைக்கு வருகிற ஆளிடம், "அலை மழுங்கிப்போச்சு, ஸ்டோருக்குப் போய் சாணையை எடுத்துட்டு வா" என்பார்கள். ஸ்டோர்காரர், "அது டவருக்குப் போயிருக்கே" என்பார். டவர் இருப்பது அப்புத்தளைக்கு மேலே, மலை உச்சியில். பாக்கியமும் வந்த முதல் கிழமையே பனிக்குள் ஏறினாள், கால் முழுக்க அட்டைக்கடி. டவரில் இருந்த றவூப் நானா, "டிவிக்காரன் இரவல் வாங்கிட்டுப் பெய்த்தானே புள்ள" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பால் போடாத பிளேன்டியும் தின்ன ஒரு இனிப்புப் பணிஸும் கொடுத்து, "சரி, இனி நீ எங்கட ஆள்" என்றார். அந்த வேலையில் இருக்கிற எல்லாரும் ஒருக்கா அந்த மலை ஏறினவர்கள்தான். மனேஜர் கதிரைக்கு நேரே வந்தவனை மட்டும் யாரும் அனுப்பவில்லை.

பாக்கியம் அதையும் ஆசைக்கு எழுதி வைத்திருந்தாள். விளையாட்டுச் சொல் என்று தெரிய, பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வரைந்திருந்தாள். புவனேந்திரன் கோப்பையை விட்டுவிட்டுச் சொல்லை எடுத்துக்கொண்டான். போதாததற்குத் தானாக இரண்டு வரியும் சேர்த்திருந்தான்: 'மலைநாட்டுப் பனியால் மழுங்கும் அலைகளைக் கூர்மையாக்கும் கருவி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று.'

பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும்போதே றவூப் நானாவுக்குப் போன் கோல் எடுத்து, அந்த இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினாள். நானா ஓய்வு பெற்று அப்புத்தளையில்தான் இருந்தார். 

"சனிக்கிழமை புத்தக வெளியீடு நம்ம ரேடியோவுல நேரடியாப் போகுதாம். நேயர்கள் பேசலாமாம்" என்றாள்.

"நானும் கோல் எடுத்து அவருக்கிட்ட ஒண்டு கேக்கட்டா புள்ள?"

வேண்டாம் நானா, பாவம் என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. லயத்துப் பொம்பள என்று அவன் சிரித்த சிரிப்பு காதுக்குள் இருந்தது.

"கேளுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. அறிவிப்பாளர் றின்ஸாவுக்கு எதிரே கோட்டுப் போட்டுக்கொண்டு புவனேந்திரன். மேசையில் புதுப் புத்தகமும், பதில் தேட வேண்டி வந்தால் என்று கொப்பியை வைத்திருந்த கறுப்பு பேக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாக்கியம். இரண்டாவது கோலை அவள்தான் இணைத்தாள்.

"அப்புத்தளையில இருந்து றவூப் பேசுறன் சேர். பழைய டெக்னீஷியன். புத்தகம் அருமை. இந்த அலைச் சாணை இருக்குதே, அதச் சும்மா தீட்டுறதா, தண்ணி ஊத்தித் தீட்டுறதா?"

புவனேந்திரன் தொண்டையைச் செருமினான். "நல்ல கேள்வி. கொஞ்சம் எண்ணெய் பாவிக்கிறது நல்லது. நான் நேர்ல செஞ்சு பார்த்துத்தான் எழுதியிருக்கேன்."

"நேர்லயே பார்த்தீங்களா?"

"அப்புத்தளை டவர்லயே பார்த்திருக்கேன்."

"அந்த டவர்ல முப்பது வருஷம் இருந்தவன் நான் சேர். அது புது ஆளை மலை ஏத்துறதுக்கு நாங்க சொல்ற பொய். அப்படி ஒரு சாமான் இல்ல. இத்தன காலத்துக்குப் பொறகு ஒருத்தர் அதுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார், மாஷா அல்லாஹ்."

றின்ஸா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் அவள் வேலை கேள்வி கேட்பது. "அப்போ சேர், இல்லாத சாமான் புத்தகத்துல எப்படி வந்திச்சு?"

அவன் முகம் கறுத்தது. குரல் ஓங்கியது, கங்காணி அதை அமத்தியது.

"அது நான் எழுதினதே இல்ல. பாக்கியத்தோட கொப்பியில கெடந்திச்சு, அப்படியே எடுத்தேன். புத்தகம் பூரா அவ எழுதினதுதானே, அவளைக் கேளுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி, கழுத்தில் விரலால் இழுத்துக் காட்டினான். அமத்து, அமத்து.

சிவப்புப் பட்டன் பாக்கியத்தின் விரலுக்குக் கீழே இருந்தது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு, மூன்று. அவன் கதிரையை விட்டு எழும்பினான். நான்கு, ஐந்து. கண்ணாடியில் கையால் தட்டினான். அவள் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு. ஏழு.

பதுளையில், பண்டாரவளையில், பூனாகலை லயங்களில், கடை கடையாக, வீடு வீடாக அவன் குரலே அவள் பேரைச் சொன்னது.

உள்ளே பேசுகிற மைக்கைத் திறந்து, "போயிருச்சு சேர்" என்றாள்.

பிறகு ஒரு பாட்டைப் போட்டுவிட்டுக் கன்டீனுக்குப் போனாள். ஒரு பிளேன்டியும் ஒரு பணிஸும் வாங்கி வந்து, அவன் முன்னால் வைத்தாள்.

"சாணை தேடிப் போன எல்லாருக்கும் குடுக்கிறது சேர். கொப்பியைத் தந்துட்டு சாப்பிடுங்க."

அவன் பேக்கைத் திறந்து, தலையைத் தூக்காமல் கொப்பியை நீட்டினான். அவள் கடைசிக்கு முந்தின பக்கத்தைத் திறந்து, கோப்பை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

தேத்தண்ணி கொடுத்த பிறகு சொல்ல வேண்டிய ஒரு வசனம் இருக்கிறதே, றவூப் நானா அன்றைக்கு அவளுக்குச் சொன்னாரே, அதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்த் தன் பட்டன்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.