விசிறிச் சத்தத்தில் ஒரு ‘ம்’

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து வந்தது. எங்கள் கம்பெனி இணையத்தில் பேசுவதற்கான செயலி செய்கிறது. அதில் மிருதங்கம் சொல்லித் தருகிற ஒருவர் எழுதியிருந்தார்: “என் மிருதங்கத்துக்கு வலது பக்கம் மட்டும்தான் உண்டு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.” இடது பக்கத்தின் தாழ்ந்த ஒலி போய்ச் சேரவில்லை. செயலியைச் சோதிப்பது என் வேலை.

சிரிப்புக் கதையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

‘ஒரு ஊரில் ஒரு மிருதங்கம். அதற்கு ஒரே

அதோடு நின்றது. என் மாமனார் நினைவுக்கு வந்துவிட்டார்.

2

கொஞ்சம் விளக்கம். தாழ்ந்த குரலில் ஒரே சீராக நீளும் எதையும் செயலி விசிறி என்று நினைக்கும். இல்லையென்றால் மோட்டார், பஸ்.* இரைச்சல் என்று வெட்டிவிடும். சொற்களுக்குத் தொடக்கம், முடிவு என்று ஓரம் உண்டு, தப்பித்துவிடும். வாயை மூடிச் சொல்லும் ‘ம்’முக்கு ஓரம் கிடையாது.

(* நான் குடியிருப்பது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, லாட்ஜ் மாடியில். டீம் லீடர் வித்யாஸ்ரீ சொல்வார்: “வெட்டாம விட்டா உங்க மைக்ல தேனி பஸ்ஸுக்குத் தனி சீட்டே இருக்கு.”)

3

‘சத்யப்ரியா சிரிக்கும்போது’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். என் மனைவி. இறந்துவிட்டாள். அறிமுகம் இவ்வளவு போதும்.

கல்யாணத்துக்கு முன்பு நான் சென்னையில், அவள் பேரையூரில். தினமும் நெட்டில், இதே செயலியில் பேச்சு. பேசுவது அவள், ம் கொட்டுவது நான்.

“லைன்ல இருக்கீகளா?”

“ம் கொட்டிக்கிட்டுத்தான இருக்கேன்.”

“எங்க கொட்டுனீக? இங்க ஒண்ணும் வந்து சேரல.”

“நெசமாத்தான்.”

“இனிமே ம் வேணாம். அப்புறம்னு சொல்லுங்க. அதுவாச்சும் வருது.”

மாடு கன்று போட்டதைச் சொன்னாள். அப்புறம். தோழி நாகஜோதி ஸ்கூட்டியோடு வாய்க்காலில் இறங்கியதைச் சொன்னாள். அப்புறம். ஒருநாள் அழுதாள். அதற்கும் பழக்கத்தில் அப்புறம் என்றேன்.

“அழுகுறவகிட்ட அப்புறம் கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்” என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கல்யாணமான பிறகு ஒரே அறை. என் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு கதை சொல்வாள். நான் ம் சொன்னால், “இப்பக் கேக்குது” என்பாள்.

(இந்தப் பகுதியை நீளமாக எழுதலாம். மாட்டேன்.)

4

அவள் அப்பா பெயர் காளை. பேரையூரில் பருத்தி போடுகிறார். அவள் போன பிறகு தினமும் சாயங்காலம் மோட்டார் ரூமிலிருந்து எங்கள் செயலியிலேயே கூப்பிடுவார். “சாப்ட்டீகளா மாப்ள?” பிறகு நான் பேச வேண்டும். அவர் பக்கம் சத்தமே இருக்காது.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். பேசாமலிருக்க எதற்குக் கூப்பிட வேண்டும்?)

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மகள் இல்லாத வீட்டுக்கு மருமகன் என்ன உறவு? போன வாரம் கேட்டுவிட்டேன்.

“மாமா, பொங்கலுக்கு நான் அங்க வரலாமா? முன்ன மாதிரி?”

சத்தமில்லை. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா?”

“இருக்கேன். தண்ணி மடை மாத்தணும். வச்சுரவா?”

மாப்ள என்று சொல்லவில்லை. அதன் பிறகு அவர் கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை.

5

தாழ்ந்த ஒலியை வெட்டாமல் அனுப்பும் பதிப்பு தயாரானது. வித்யாஸ்ரீ அழைத்தார்.

“இனி இடது பக்கமும் வரும். கூடவே பஸ்ஸும் வரும், பொறுத்துக்கணும். அடித்தொண்டையில பேசுற ஆள் யாராச்சும் தெரியுமா, டெஸ்ட்டுக்கு?”

“என் மாமனார்.”

“பேசுவாரா?”

“மாட்டார்.”

“நல்ல ஆளாப் புடிச்சீங்க. நம்பர் குடுங்க, அவர் போனுக்கும் மாத்தி விட்டுர்றோம்.”

இங்கே கதைக்கு முடிவுகள் கிடைத்தன.

முடிவு ஒன்று: மறுபடி கேட்கிறேன். ம் தெளிவாக வருகிறது. (கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

முடிவு இரண்டு: கீழே இறங்கிப் பஸ் ஏறி, நேரில் போய்க் கேட்கிறேன். (அங்கேயும் அவர் சும்மா இருந்தால்? குறை சொல்லச் செயலி இருக்காது.)

முடிவு மூன்று:

6

கூப்பிட்டேன். மோட்டார் காதை அடைத்தது.

“நாலு நாளா எடுக்கல. சாப்ட்டீகளா?”

மாப்ள வரவில்லை. அந்தச் சொல்லுக்கு ஓரம் உண்டு. செயலி வெட்டியிருக்காது.

“ஒரு டெஸ்ட்டு மாமா. நான் ஒண்ணு எழுதியிருக்கேன். வாசிக்கிறேன். நீங்க சும்மா கேட்டாப் போதும்.”

“நான் என்னத்தக் கண்டேன். வாசிங்க.”

இந்தக் கதையைத்தான் வாசித்தேன். மிருதங்கம் வந்த இடத்தில் அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்த இடத்தில் மோட்டாருக்கு அடியில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. மோட்டாராகவும் இருக்கலாம். நான்காம் பகுதி வந்தது. ‘மாமா, பொங்கலுக்கு நான் அங்க வரலாமா? முன்ன மாதிரி?’ கதையில் இருப்பதைத்தான் வாசித்தேன். குரல் மட்டும் கதையில் இருப்பது போல வரவில்லை.

செருப்புச் சத்தம். எழுந்து போகிறார். மோட்டார் நின்றது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

லைன் அப்படியே இருக்கிறது. விசிறி இல்லை, மோட்டார் இல்லை. கீழே பஸ்கூட அணைந்திருக்கிறது. இனி அந்தப் பக்கம் என்ன வந்தாலும் அவருடையதுதான்.

வந்ததை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வெறும் ஓர் எழுத்து, தலையில் ஒரு புள்ளி. நீங்கள் உதட்டை மூடிக்கொள்ளுங்கள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அவருக்காக ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.