தரையில் படுத்த வெளிச்சம்

ஜன்னலின் பழைய பெயிண்டைப் புருஷன் சுரண்டிவிட்டுப் போன பிறகு, அண்ணிக்காரி கூடத்தை இரண்டு தடவை பெருக்கிப் பளபளவென்று வைத்திருந்தாள். பெயிண்டர் வேலை பார்க்கும் நாத்தனார் வந்ததும் வராததுமாக, "இன்னும் தூசி இருக்கு அண்ணி" என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இதுக்கு மேல பெருக்கினா தரையே தேஞ்சுடும்" என்றாள், குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.

நாத்தனார் பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்தாள். திரையை இழுத்து மூடினாள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து எரியவிட்டாள்.

அண்ணிக்காரி குனிந்து பார்த்தாள். பளபளத்த தரை எங்கே போனது? மேடும் பள்ளமுமாக, மலையும் மலையடிவாரமுமாக, ஒவ்வொரு பொடிக்கும் தனித்தனி நிழலோடு ஒரு தேசமே அங்கே விரிந்து கிடந்தது. அழகாக வேறு இருந்து தொலைத்தது.

"பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும் அண்ணி, உள்ள போனா விஷம். துடைப்பம் போட்டா பறந்துட்டு, மறுபடி இறங்கி உக்காந்துக்கும். தண்ணி தெளிச்சு ஈரத்துணியால துடைக்கணும். அழுக்கான பக்கத்தை உள்ள மடிச்சுட்டு, சுத்தமான பக்கத்தாலதான் அடுத்த இடத்தைத் தொடணும்."

அண்ணிக்காரியின் காதில் பாதிதான் விழுந்தது. வெளிச்சம் போன வழியே பார்வை போய்க்கொண்டிருந்தது. ஜன்னலடியிலிருந்து கூடத்தின் நடுவரை, அந்த மலைகளைத் தாண்டித் தாண்டி, ஐந்தைந்து விரலோடு குட்டிக் குட்டி உள்ளங்கைத் தடங்கள் தவழ்ந்து போயிருந்தன.

இடுப்பிலிருந்த குழந்தை கட்டைவிரலைச் சுவாரசியமாகச் சப்பிக்கொண்டிருந்தது.