ஒரே டிஸ்க்கில் மூன்று அடுப்பு

“உங்க பாகத்தை நான் தின்னுட்டேனா அண்ணி? வயித்தைக் கிழிச்சுக் காட்டட்டுமா?”

“தின்னலைன்னா எங்க போச்சு தம்பி? நேத்து சாயந்திரம் வரைக்கும் இருந்துச்சுல்ல?”

“ரெண்டு பேரும் கத்தாதீங்க. கீழே நாசி கண்டார் சோத்துக்கு நிக்கிறவன் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறான்” என்று கண்ணம்மை ஆச்சி இருவரையும் விட உரக்கச் சொன்னார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அந்த மாடி வீட்டுச் சத்தம் புதிதல்ல. ஆனால் மூத்த மகன் தியாகராஜனின் மனைவி ஹேமாவின் குரல் அதில் கேட்டது புதிது. வந்து நாலு வருஷமாக அவள் பேசியதை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம் என்பார்கள்.

காரணம் கம்ப்யூட்டர். ஹேமாவின் லேப்டாப் மழையில் நனைந்து போய்ச் சேர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது ஹாலில் நின்ற பழைய பெட்டி ஒன்றுதான். அதற்கு மூன்று பேர் பாத்தியதை. ஊருக்கெல்லாம் ஜாதகம் பார்த்துச் சொல்லும் ஆச்சியின் மென்பொருள் பழைய விண்டோஸைத் தவிர வேறெதிலும் ஓடாது. சின்ன மகன் மெய்யநாதனின் கேமுக்குப் புது விண்டோஸ் வேண்டும். ஹேமாவின் ஆராய்ச்சிக்கு லினக்ஸ். நிபோங் திபால் ஊர்ப் பக்கத்துக் கடலோரச் சேற்றில் மூன்று வருஷமாகக் கெராங் சிப்பி எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்.

சரி, டிஸ்க்கை மூன்றாகப் பிரித்து மூன்றையும் ஏற்றிவிடலாம் என்று முடிவானது. அப்போது ஹேமா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அத்தை, என்னோடதைக் கடைசியா போடுறேன். விண்டோஸ் பின்னாடி வந்தா, தொடங்குற இடத்துல தன் ஆளுங்க பேரை மட்டும் எழுதி வச்சுக்கும். என்னோடது உள்ளேயே இருக்கும், ஆனா வாசல் இருக்காது.”

ஆச்சி ஒப்பவில்லை. நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்பார்கள். வீடு ஒன்றுதான், அடுப்பு தனி. மூத்தவனுக்கு முதலில், இளையவனுக்குப் பிறகு. அந்த மாடியில் இரண்டாவது அடுப்புக்கு இடமில்லாததால் தியாகராஜனையும் ஹேமாவையும் இதுவரை வேறு வைக்கவில்லை. அந்தக் குறை ஆச்சிக்கு உண்டு. அடுப்பில் தவறியதைக் கம்ப்யூட்டரிலாவது சரிக்கட்ட நினைத்தார் போலும்.

“மூத்தவன் பொண்டாட்டி கடைசியிலா? நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவாங்க லா?”

டிஸ்க்குக்குள் எட்டிப் பார்த்துக் கேட்கப் போகிற அந்த நாலு பேர் யாரென்று ஹேமா கேட்கவில்லை. தியாகராஜனும் ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று ஃபேக்டரிக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை முதலில் ஆச்சி, அடுத்து ஹேமா, கடைசியில் ஞாயிறு ராத்திரி மெய்யநாதன் என்று மரியாதைப்படி ஏற்றினார்கள். வாசல் அடைபட்டால் திறந்துகொள்ள ஹேமா ஒரு பென்டிரைவில் லினக்ஸை வைத்திருந்தாள். மெய்யநாதன் அதே பென்டிரைவை அழித்துத்தான் அதில் புது விண்டோஸைக் கொண்டுவந்திருந்தான்.

இன்று திங்கள். மாலை நான்கு மணிக்குள் ஆய்வேட்டை அனுப்பியாக வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருஷம். நாலு அத்தியாயம் பேராசிரியரிடம் இருந்தது. சனி, ஞாயிறு உட்கார்ந்து எழுதிய ஐந்தாவது இந்த டிஸ்க்கில் மட்டும். அத்தனை சிப்பியையும் எண்ணத் தெரிந்தவளுக்கு ஒரு நகல் எடுக்கத் தோன்றவில்லை. படித்தவர்கள் இப்படித்தான். திரையிலோ இரண்டே பெயர்கள், பழைய விண்டோஸ், புது விண்டோஸ். மாமியாரும் கொழுந்தனும் இருக்க, மருமகளை மட்டும் காணோம்.

“உள்ளே போய்ப் பார்ப்போம்” என்று மெய்யநாதன் தன் விண்டோஸைத் திறந்து, பேரில்லாத ஒரு பாகத்தைத் தட்டினான். இதைப் பயன்படுத்த முடியவில்லை, ஃபார்மட் செய்யவா என்று கேட்டது.

“வெறும் இடமாத்தானே கிடக்கு. துடைச்சிட்டு அவளுக்குப் புதுசா போட்டுக் கொடு” என்றார் ஆச்சி, பெருந்தன்மையாக.

மெய்யநாதனின் விரல் மவுஸில் அழுந்தப் போனது. ஹேமா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தது பிடித்தபடி, “எழுந்திரு” என்றாள். தம்பி என்றுகூடச் சொல்லவில்லை. அவன் எழுந்துவிட்டான்.

தேங்காய்த் துருவி கேட்டு வந்த பக்கத்து வீட்டு நவமணி கதவருகே நின்று இதைப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கையைப் பிடித்தது வரைதான் கதை போனது. எதற்காக என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹேமா கொழுந்தனின் விண்டோஸிலேயே உட்கார்ந்து லினக்ஸை இறக்கி, அதே பென்டிரைவில் ஏற்றினாள். கொழுந்தன் அடுப்பில் தன் உலையை வைத்த மாதிரி. பிறகு அதிலிருந்து பெட்டியைக் கிளப்பி, அடைபட்ட வாசலைத் திறந்தாள். ஐந்தாம் அத்தியாயம் வைத்த இடத்திலேயே இருந்தது. மூன்று நாற்பதுக்கு ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

மறுபடி பெட்டியைப் போட்டபோது பெயர்ப்பட்டியல் வந்தது. முதல் வரி லினக்ஸ். விண்டோஸ் இரண்டும் அதற்குக் கீழே.

ஆச்சி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “என் பேருக்கு மேலே இவ பேரா?”

“கடைசியா வந்தா இப்படித்தான் அத்தை. மேலே உட்கார்ந்துக்கும்” என்றாள் ஹேமா. தபால் கார்டில் இரண்டு வரி கூடிவிட்டது.

ஆய்வேடு தேறி அவளுக்கு நிபோங் திபாலில் வேலை கிடைத்தது. தியாகராஜன் சாமான்களை லாரியில் ஏற்றினார். ஆச்சியே போய்த் தனி அடுப்பில் பால் காய்ச்சி, முறைப்படி வேறு வைத்துவிட்டு வந்தார். மெய்யநாதன் கூட வேலை பார்த்த சுபாஷினியைக் கட்டிக்கொண்டான். ஜாதக மென்பொருள் பத்துக்கு மூன்று பொருத்தம்தான் என்றது. பழைய விண்டோஸ் சொல்வதையெல்லாம் நம்ப முடியாது என்று ஆச்சி சொல்லிவிட்டார்.

பெட்டி இன்னும் ஹாலில்தான் நிற்கிறது. பத்து விநாடிக்குள் யாரும் தேர்ந்தெடுக்காவிட்டால் அது நேராக லினக்ஸுக்குள் போய்விடும். ஆச்சிக்குக் கண்ணாடி தேடி எடுக்கவே அரை நிமிஷம் ஆகும். அதனால் வாரத்துக்கு இரண்டு முறையாவது நிபோங் திபாலுக்கு ஃபோன் போகிறது.