அட்டையில் எஞ்சிய நிமிடங்கள்

தொலைபேசி அட்டையின் இரகசிய எண்ணை எவரிடமும் கூறலாகாது என்று அட்டையின் பின்புறத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அச்சிட்டவர்கள் லெப்பைக்குடிக்காட்டை அறியாதவர்கள். எங்கள் தெருவில், கணவனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டிருக்கும் பெண்கள் அனைவரும் அட்டையைச் சுரண்டிய கையோடு, அதை விற்ற கடைக்காரரையே தொலைபேசியில் அழைப்பார்கள். எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பித்து, "மீதி எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே" என்பார்கள். அவரும் பார்த்துச் சொல்லுவார். பார்த்ததோடு நின்றுவிட்டாரா என்று எவரும் கேட்டதில்லை.

2005ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், பக்கத்து வீட்டு ஜைனம்பு ஒரு புதிய அட்டையுடன் வந்தாள். என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்தவள். அவள் கணவன் ஷஃபியுல்லா குவைத்தில் ஓட்டுநர்.

"சார், இன்னும் ரெண்டு வருசத்துக்கு இருக்கேன்னு மச்சான் இன்னிக்குக் கையெழுத்துப் போடப் போறாங்க. அங்க சோத்துக்கு விடுற நேரத்துல ஆபீஸ் போன்ல புடிச்சாத்தான் உண்டு. போடாதீங்க, வந்துடுங்கன்னு சொல்லணும் சார்."

"தாராளமாகச் சொல். தொலைபேசி இதோ இருக்கிறது."

"போன தடவை சலாம் சொல்லி, மாமிக்கு மூட்டு வலின்னு சொல்லி, விசயத்துக்கு வர்றதுக்குள்ள கட்டாயிடுச்சு. அதுவும் புது அட்டைதான் சார். அதான் மொதல்ல மீதியைப் பாத்துக்கிட்டு..."

சொல்லிக்கொண்டே ரிசீவரை எடுத்து எண்களை அழுத்தத் தொடங்கினாள். நான் கை நீட்டி இணைப்பைத் துண்டித்தேன்.

"யாரை அழைக்கிறாய்?"

"செல்லப்பண்ணனை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல கடை வச்சிருக்காருல்ல."

"சென்ற அட்டையின் எண்ணையும் அவரிடம்தான் சொன்னாயா?"

"எல்லாரும் சொல்றதுதானே சார்."

"புது அட்டை, பேசத் தொடங்கியதுமே எப்படித் தீர்ந்தது என்று ஒரு கணமாவது யோசித்தாயா?"

"அவரு நல்லவரு சார். நோன்பு மாசத்துல கஞ்சிக்கு அரிசி குடுப்பாரு."

"அவர் அரிசி கொடுக்கட்டும். நீ ஏன் எண்ணைக் கொடுக்கிறாய்?"

அடுக்களையிலிருந்து என் மனைவி சம்பூர்ணத்தின் குரல் வந்தது. "நீங்க பாடம் நடத்திக்கிட்டே இருங்க. அங்க அவரு கையெழுத்தைப் போட்டுட்டு லாரி ஏறிடுவாரு."

அட்டையில் அச்சிட்டிருந்த எண்ணை நானே அழைத்தேன். பதிவுசெய்யப்பட்ட பெண் குரல் ஒன்று ஆங்கிலத்துக்கு ஒன்றையும் இந்திக்கு இரண்டையும் அழுத்தச் சொன்னது. தமிழ்நாட்டில் விற்கும் அட்டைக்குத் தமிழ் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும். ஒன்றை அழுத்தினேன். நான் எதையும் அழுத்தவில்லை என்று அக்குரல் குற்றஞ்சாட்டியது. மீண்டும் அழுத்தினேன். மீண்டும் அதே குற்றச்சாட்டு. "அழுத்திவிட்டேன் அம்மா! இன்னும் எப்படி அழுத்துவது?" என்று இரைந்தேன்.

"அது மிசினு. அதுக்கிட்டப் போயிக் கத்துறீங்களே" என்றாள் சம்பூர்ணம்.

ஜைனம்பு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், கடைக்கே போட்டுடலாம் சார். போனாப் போவுது. நேரம் முடிஞ்சிடும் சார்."

"கூடாது" என்றேன். அவள் கண்கள் கலங்கின. அந்தக் கண்ணீரும் என்னைத்தான் குற்றஞ்சாட்டியது. ஆத்திரத்தில் தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்தேன். அடிப்பாகத்தில் ஒரு சிறு விசை. அதன் இரு பக்கமும் P, T என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று ஒரு சொல் விளக்கமும் இல்லை. வருவது வரட்டும் என்று விசையை மறுபக்கம் தள்ளிவிட்டு மீண்டும் அழைத்தேன். இம்முறை ஒன்றை அழுத்தியதும், முன்பு கேட்ட கடகடப்புக்குப் பதிலாகக் கணீரென்று ஓர் ஒலி எழுந்தது, இயந்திரம் பணிந்தது.

"எண்ணை நீயே அழுத்து. நான் பார்க்கமாட்டேன்" என்று கூறிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"நாலு... ஏழு... ஏழு..." என்று தெருவுக்குக் கேட்கும்படி படித்துக்கொண்டே அழுத்தினாள்.

"வாய்விட்டுப் படிக்காதே!"

"வாய்விட்டுப் படின்னு நீங்கதானே சார் பெரம்பால அடிப்பீங்க?"

நான் போய்ச் சன்னலைச் சாத்தினேன்.

மீதி நான்கு நிமிடம் என்றது குரல். அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். "சலாமை ஒரே மூச்சில் முடித்துவிடு."

"மாமியோட மூட்டு வலி?"

"இன்று வலிக்க வேண்டாம்."

அழைப்பு குவைத்துக்குச் சென்றது. யாரோ ஒருவர் இந்தியில் ஏதோ கேட்டுவிட்டு, ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார். அந்த நடைக்கும் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் ஷஃபியுல்லா வந்தான். அவனுக்கும் உரக்கப் பேசித்தான் பழக்கம். அறை முழுவதும் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நல்லாருக்கியா? அம்மாவுக்கு மூட்டு எப்படி இருக்கு?"

"மூட்டு கெடக்குது மச்சான்! கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்ல. வரிசையில நின்னேன், கூப்புட்டாங்க."

"போடாதீங்க. வந்துடுங்க."

"வந்து என்னா செய்யிறது?"

"இங்க இருக்கிறவங்கள்லாம் என்னா செய்யிறாங்களோ, அதையே செய்வோம். புள்ள போனைப் பாத்து அத்தாங்குறான் மச்சான். போனு அடிச்சா, அத்தா வந்துட்டாருங்குறான்."

அதன்பின் மறுமுனையில் ஓசையே இல்லை. பேசுவதற்கென்று பிடித்துவைத்த நிமிடத்தை மனிதன் மௌனத்தில் கரைக்கிறானே என்று எனக்குத் தாளவில்லை. "பேசச் சொல்!" என்று கையசைத்தேன். ஜைனம்பு என்னைக் கவனிக்கவில்லை. அவளும் பேசாமல் காத்திருந்தாள்.

"சரி புள்ள. நான் வரிசைக்குப் போவல. வந்துடுறேன்" என்றான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது இணைப்பு அறுந்தது.

ஜைனம்பு ரிசீவரை மேசையிலேயே கிடத்திவிட்டு, "மாமி, அவங்க வர்றாங்க மாமி!" என்று கூவிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியபடி ஓடினாள். வாயிற்கதவையும் சாத்தவில்லை.