அடுப்பின் வயிறு

அடுப்பின் வாய்க்குள் தோள்வரை நுழைந்து டார்ச் அடித்துப் பார்த்தாள் இவெத். செங்கல் வளைவு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பிறந்து வளர்ந்த வீடுதான். ஆனாலும் அறுபத்தாறு வயதில்தான் இது தெரிந்தது. சமையலறைச் சுவரோடு அடுப்பு முடியவில்லை. சுவரைத் தாண்டி ரேமோன் வீட்டுக்குள் போயிருந்தது. வாய் இந்தப் பக்கம், வயிறு அந்தப் பக்கம்.

லிமோஜ் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் உழைத்து ஓய்ந்து, அம்மா கடைசிக் காலத்தில் தன்னிடம் வந்துவிட்டபின் பூட்டிக் கிடந்த இந்தக் கல்வீட்டுக்கு வசந்தத்தில் திரும்பியிருந்தாள். அன்றிலிருந்து வீடு ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அம்மா எந்தப் படியை மிதிக்காமல் தாண்டுவாள், ஏன் தாண்டுவாள்; கல்தொட்டியில் கொட்டுகிற தண்ணீர் சுவரைத் துளைத்துக்கொண்டு எந்த ரோஜாச் செடிக்குப் போகிறது; எல்லாம் இப்போதுதான் விளங்கியது. ஆனால் குளியலறை மாடியில் இருந்தது. முட்டி ஒத்துழைக்கவில்லை.

"அடுப்பு வாய இடிச்சு அடைச்சிடலாம்மா. அந்த மூலையிலயே குளியலறை வந்துடும்" என்று கொத்தனார் திதியே சொல்லியிருந்தான். திங்கட்கிழமை வருகிறான்.

அதனால்தான் சனிக்கிழமை, கடைசியாக ஒருமுறை அடுப்பு மூட்டினாள். உருளைக்கிழங்கை அடுக்கி, மேலே மாவைப் போர்த்தி, நடுவில் ஓட்டை போட்டுப் பாலேடு ஊற்றி அம்மா சுடுவாளே, அதைச் சுட வேண்டும் என்று ஆசை. செங்கல் வெளுக்கும்வரை விறகை எரித்துத் தள்ளினாள்.

கதவு தட்டப்பட்டது. ரப்பர் பூட்ஸோடு ரேமோன் நின்றிருந்தான். இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. அண்ணன் தம்பியான இவர்களுடைய தாத்தாக்கள் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு அப்பாக்கள் ஒரு வாதுமை மரத்துக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் செத்தும் அது சாகவில்லை. வேலிக்கு மேலாக ஒரு வணக்கம், அவ்வளவுதான்.

"என்ன எரிக்கிறீங்க?"

"என்னடா புதுசா ‘ங்க’? ஓடைல என் செருப்பத் தூக்கிப் போட்டப்ப இந்த மரியாத எங்க போச்சு?"

அவன் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுச் சுவரு சுடுது."

"சுட்டா? தீப்பிடிச்சிருச்சா?"

"இல்ல. சுடுது. அவ்ளோதான்."

பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் காப்பி ஊற்றினாள். அடுப்பைப் பார்த்தபடியே குடித்தான்.

"வாய இப்பத்தான் பாக்கறேன். எங்க பக்கம் பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி சுவரு புடைச்சிருக்கும். அதோட ஒட்டித்தான் அம்மா கட்டிலு. அவ படுத்த படுக்கையா கெடந்த குளிர்காலத்துல சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அது சுடும். கன்னத்த அதுமேல வெச்சுக்கிட்டு, ‘பக்கத்துல ரொட்டி சுடுறாங்கடா’ம்பா. ரெண்டு நாளைக்கு இருமல் அடங்கியிருக்கும்."

"எந்த வருஷம்?"

"ஓடை உறைஞ்சு போச்சே, அந்த வருஷம்."

இவெத் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அந்த வருஷத்துக்கு முன்பே ரொட்டிக்கார வண்டி மாதாகோவில் முன்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஊரில் யாரும் ரொட்டிக்கு மாவு பிசையவில்லை. ஆனாலும் சனிக்கிழமையானால் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். "ஒரு ஆப்பிள் கேக்குக்கு ஒரு காட்டையே எரிக்கணுமா?" என்று அப்பா கத்துவார். "சும்மா கெடந்தா அடுப்புல ஈரம் ஏறிடும்" என்பாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"ரேமோன், அந்த வருஷம் எங்க வீட்ல ரொட்டியே சுடல."

அவன் கிண்ணத்தின் அடியில் எதையோ தேடுபவன்போலக் குனிந்தே இருந்தான். "திங்கக்கிழமை திதியே வரானாமே" என்றான்.

"முட்டி, ரேமோன். மாடி ஏற முடியல."

"முடியாதுதான். இடிச்சுத்தான் ஆகணும்."

பண்டம் வெந்ததும் அவள் துணியில் சுற்றிக் கொடுத்த ஒரு துண்டை வாங்கிக்கொண்டான். வாசலில் நின்று, "உங்கம்மா லிமோஜுக்கு உங்கிட்ட வந்துட்டா. சுவரு ஆறிப்போச்சு. அம்மாவுக்கப்புறம் நான் படுக்கற அந்த இரும்புக் கட்டில ஜன்னலோரம் இழுத்துப் போட்டுட்டேன்" என்றான். அவளுக்குச் சொன்ன மாதிரியே இல்லை.

திங்கட்கிழமை காலை திதியே சுத்தியலோடு வந்து அடுப்புக்குள் கையை விட்டான், விருட்டென்று எடுத்தான்.

"என்னம்மா, இப்படிச் சுடுது?"

"நேத்தும் கொஞ்சம் மூட்டினேன்."

"எதுக்கு?"

"ஈரம் ஏறிடும்ல."

"நல்லாருக்கு! இடிக்கப்போற அடுப்புக்கா? சரி, ஆறினப்புறம்தான் கைவைக்கணும். வியாழக்கிழமை வரட்டா?"

"ஆறினதும் சொல்றேன்."

வண்டி திரும்பிப் போகும்வரை வாசலில் நின்றாள். உள்ளே வந்து மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே விறகுக் கொட்டகைக்குப் போய், ஒரு கட்டுச் சுள்ளியை இழுத்து வந்து அடுப்பின் வாய்க்குள் தள்ளினாள். சுள்ளி படபடவென்று பிடித்துக்கொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம், கல்தரையில் இரும்புக் கால்கள் கிறீச்சிட, கனமான எதையோ யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டதுபோல மறுபடி தொடங்கி, சுவரை நெருங்கி வந்தது.