சுருட்டி வைத்த எல்

முருகதாஸுக்கு எல்.எல்.ஆர். கிடைத்தபோது அவன் பைக் ஓட்டத் தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. அதுவரை லைசென்ஸ் என்ற ஒன்று அவனுக்குத் தேவைப்படவில்லை. திருவட்டாறுக்கு மேலே மலைச்சரிவில் ரப்பர் வெட்டுகிறவனை எந்தப் போலீஸ் வந்து மறிக்கப்போகிறது? விடியுமுன் தோட்டத்துக்குப் போவான், வெட்டுவான், பால் எடுத்து ஷீட் அடித்துப் போட்டுவிட்டு வருவான். மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் பஸ் ஏறிவிடுவான்.

இப்போது முழங்கால் போய்விட்டது. ஒரு நாளைக்கு முந்நூறு மரம், இருபத்தெட்டு வருடம், சரிவில் ஏற்றமும் இறக்கமும். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே எலும்பும் எலும்பும் உரசுகிறது, இனிமேல் மலை ஏறாதே என்றார். மலை ஏறாதவனுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை இல்லை. அவனுக்குத் தெரிந்தது இரண்டே காரியம். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் சொல்வான், பைக் ஓட்டுவான்.

குழித்துறையில் ரப்பர் வாங்கும் கடை வைத்திருந்த கமருதீனுக்கு இந்த இரண்டும் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போய் ஷீட்டைப் பார்த்து விலை பேசி வைக்க வேண்டும், டெம்போ பின்னால் வந்து அள்ளிக்கொள்ளும். கடை பைக், மாதச் சம்பளம்.

“வேலை ஒனக்குத்தான் தாஸு,” என்றார் கமருதீன். “ஆனா லைசென்ஸ் எடுக்கணும். எடுக்கிற வரைக்கும் வண்டிக்க முன்னாலயும் பின்னாலயும் எல் போர்டு தொங்கணும். பின்சீட்ல லைசென்ஸ் உள்ள ஆளு இருக்கணும். ஒரு கேஸ் வாங்கிட்டேன்னு வையி, சாவியத் தந்திட்டுப் போயிரு. எனக்கிட்ட வந்து அழப்பிடாது.”

“மொதலாளி, நான் இருவத்தஞ்சு வருசமா...”

“எனக்க தங்கச்சி மவன் ஷஹீரும் பொறக்கும்பமே ஓட்டினவந்தான். எல்.எல்.ஆர். வச்சிக்கிட்டு, போர்டு இல்லாம, தனியாட்டுப் போயி, களியக்காவிளையில ஒரு ஆளுக்க காலை ஒடிச்சான். இன்சூரன்ஸ்காரன் என்ன கேட்டான் தெரியுமா? அடிபட்ட ஆளு எப்பிடி இருக்காருன்னு கேக்கல. போர்டு எங்க, கூட இருந்த ஆளு எங்கன்னு கேட்டான். வண்டி எனக்க பேருல. கோர்ட்டுப் படி ஏறினது நான்.”

டெஸ்டுக்குப் போக எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் ஆக வேண்டும். அந்த முப்பது நாளும் கடை பைக்கில் ஓட்டிப் பழகச் சொல்லி கமருதீன் சாவியைக் கொடுத்துவிட்டார்.

பின்சீட்டில் உட்கார லைசென்ஸ் உள்ள ஆள் வீட்டிலேயே இருந்தது. அவன் பெண்டாட்டி பிரிஜா. முந்திரி உடைக்கிற அண்டியாபீஸில் வேலை. நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான், கற்றுக்கொடுத்தபோது வண்டிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே போட்ட கூச்சல் மூன்று தெருவுக்குக் கேட்டது. அவள் கியர் வண்டியிலேயே எட்டு போட்டு முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். இப்போது அவள் பின்னால் உட்கார்ந்து, “பைய போங்க, பிரேக்கை ரெண்டையும் சேத்துப் பிடியுங்க, இன்டிகேட்டர் போடுங்க,” என்று சொன்னாள். முருகதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது எல் போர்டு. ஊரில் பாதிப் பையன்கள் அவன் பைக்கில் ஓட்டப் பழகியவர்கள். அவர்கள் பார்க்க, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பெயர்ச்சீட்டு குத்தியதுபோல் ஒரு சிவப்பு எழுத்தை மாட்டிக்கொண்டு போவதற்கு அவன் மலையிலேயே விழுந்து சாகலாம்.

கடையில் எல் ஸ்டிக்கர் கிடைக்கும். ஒட்டினால் ஒட்டினதுதான், கழற்ற முடியாது. முருகதாஸ் யோசித்தான். பிறகு, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு போர்டைத் தானே செய்தான்.

பழைய தோட்டத்தில் கொஞ்சம் பால் கேட்டு வாங்கி, அது உறைந்ததும் மெஷினில் கொடுத்து ஷீட் அடித்து, இரண்டு துண்டு வெட்டினான். ஷீட்டைப் புகைப்புரையில் தொங்கவிட்டால்தான் அது ரப்பர், ஆனால் புகை பட்டால் தேன் நிறமாகிவிடும். சட்டப்படி வெள்ளையில் சிவப்பு எழுத்து. ஆகவே புகை போடாமல் நிழலில் மட்டும் காயவைத்து, கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்பு பெயின்டில் எல் வரைந்தான். முன்னால் ஹெட்லைட்டுக்குக் கீழே ஒன்று, பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒன்று. இரண்டையும் கீழிருந்து மேலாகப் பாயைப்போலச் சுருட்டி நைலான் கயிற்றால் ஒரு உருவுசுருக்கு. கயிற்றை இழுத்தால் சுருள் பிரிந்து எல் பொத்தென்று கீழே விழுந்து தொங்கும்.

“ஊருக்குள்ள சுருட்டு. ஆற்றூர் கழிஞ்சா அவிழ்த்து விடு. எப்பிடி இருக்கு?” என்றான்.

பிரிஜா அதைச் சுற்றிவந்து பார்த்தாள். “இவ்வளவு மூளைய வச்சிக்கிட்டா இத்தனை வருசம் மரத்தைச் சொறிஞ்சிட்டு நின்னிய?”

பிரிஜா வேலைக்குப் போகுமுன், வெயில் ஏறுமுன் ஓட்டிப் பழகிய பத்தொன்பது நாளும் அது குற்றமில்லாமல் வேலை செய்தது. ஊருக்குள் முருகதாஸ் ராஜா. ஆற்றூர் வளைவு வந்ததும் முன்னால் அவன் ஒரு இழுப்பு, பின்னால் பிரிஜா ஒரு இழுப்பு. பொத், பொத். சட்டத்துக்கும் மரியாதை, அவனுக்கும் மரியாதை.

இருபதாம் நாள் கமருதீன் கடைக்கு வரச் சொன்னார். ஓட்டுகிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமாம். பிரிஜா அரைநாள் லீவு போட்டாள். பதினோரு மணிக்குக் கிளம்பினார்கள். கிளம்பி இருநூறு அடி போகவில்லை, ஆன்றோவின் ஒர்க்ஷாப் வாசலில் முருகதாஸ் வண்டியை நிறுத்தினான். ஆன்றோவும் அவனிடம் ஓட்டப் பழகியவன்தான், ஒரு மாதம் வெளியூரில் இருந்துவிட்டு அன்றுதான் ஒர்க்ஷாப்பைத் திறந்திருந்தான். புது பைக்கைப் பார்த்துவிட்டு ஆன்றோ கூப்பிட்டால் நிற்காமல் போக முடியுமா?

“கொள்ளாமே அண்ணே, நல்லாருக்கே! யாருக்க வண்டி?”

“கம்பெனி வண்டி மக்கா. எனக்குத் தந்திருக்கு.”

வண்டி வெயிலில் நின்றது. பங்குனி வெயில், சீட்டில் கை வைக்க முடியாது. பிரிஜா இரண்டு தடவை கண்ணைக் காட்டினாள். முருகதாஸ் பார்க்கவில்லை. பேச்சிப்பாறை அணைக்கட்டில் இருந்து பெட்ரோல் இல்லாமல் வண்டியை உருட்டியே வீடு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். சாயா வந்தது. இன்னொரு கதை வந்தது.

“இஞ்ச பாருங்க,” என்றாள் பிரிஜா. “வண்டி வெயிலத்து நிக்குது.”

“நிக்கட்டு. அது என்ன ஐஸா, உருகியா போவும்?”

ஆன்றோ குனிந்து பார்த்தான். “அண்ணே, இது என்ன பின்னால ஒரு சுருட்டு கெட்டி வச்சிருக்கிய?”

“அதா? மழை பெய்தா சீட்டு மூட.”

“இந்தச் சின்னத் துண்டா? பூனை இருக்கிற சீட்டுக்கா?”

பிரிஜா முகத்தைத் திருப்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முருகதாஸ் சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஆற்றூர் வளைவில் அவன் கயிற்றை இழுத்தான். முடிச்சு அவிழ்ந்தது. எல் விழவில்லை. கையால் தட்டினான், பாதி இறங்கி நின்றுவிட்டது.

“பின்னால?”

“கயிறு கையில வந்துட்டு. சுருட்டு அப்பிடியே இருக்கு.” பிரிஜா உடம்பை முறுக்கிப் பின்னால் கைவிட்டு நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். “ஒட்டிப் போச்சு. பலாப்பிசினு மாதிரி இருக்கு.”

புகை காட்டாத ஷீட்டைச் சுருட்டி வெயிலில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும் என்பது ரப்பர் வெட்டுகிறவன் வீட்டுக் கோழிக்கும் தெரியும். முருகதாஸுக்கும் தெரியும். அவன் நினைப்பெல்லாம் ஊர்ப் பையன்கள் மேல் இருந்தது, அவ்வளவுதான்.

வளைவு திரும்பியதும் போலீஸ் நின்றது.

“திரும்பிருவோமா?”

“பாத்துட்டாவ. இப்பம் திரும்பினா அதுக்கும் சேத்து எழுதுவாவ. போங்க, போங்க.”

எஸ்.ஐ. ஒரு பெண். சட்டையில் ஜாஸ்பின் என்று பெயர் இருந்தது. முருகதாஸ் கேட்காமலே எல்.எல்.ஆர். தாளை நீட்டினான். கேட்காமலே பிரிஜாவின் லைசென்ஸும் வந்தது. எஸ்.ஐ. இரண்டையும் பார்த்துவிட்டு வண்டியின் முன்னால் வந்து நின்றார்.

“இது என்ன? சிவப்பா ஒரு கோடு?”

“எல்லுதான் மேடம். கீழ்ப்பாதி உள்ள இருக்கு.”

“பின்னால?”

“அது முழுசும் உள்ள இருக்கு.”

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் இருமினார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. குனிந்து சுருட்டை விரலால் அமுக்கினார், மோந்து பார்த்தார்.

“ஷீட்டா? புகை போடலியா?”

“வெள்ளையா இருக்கணுமேன்னு...”

“எத்தனை வருசமாட்டு ரப்பர் வெட்டுதிய?”

முருகதாஸ் தரையைப் பார்த்தான். “இருவத்தெட்டு.”

“எனக்க அப்பாவுக்கும் ரப்பர் வெட்டுதான் வேலை. புகை காட்டாத ஷீட்டைச் சுருட்டி வெயிலத்து வச்சேன்னு சொன்னா, அவரு உங்களைத் தோட்டத்துக்குள்ள விடமாட்டாரு.”

அபராதத்தைவிட இது அதிகமாக எரிந்தது. ஆனால் அபராதம் இனிமேல்தான் இருந்தது. எஸ்.ஐ. அபராதச் சீட்டு போடும் சின்ன மெஷினைக் கையில் எடுத்தார்.

“மேடம், போர்டு வண்டியில இருக்குல்லா? இல்லேன்னு சொல்ல முடியாதே.”

“எல் எதுக்கு? பின்னால வாற லாரிக்காரன் பாத்து ஒதுங்கிப் போகதுக்கு. சுருட்டி வச்சா அவன் நின்னு இறங்கி வந்து பிரிச்சுப் பாப்பானா? எல் தெரியாம ஓட்டினா எல்.எல்.ஆரோட நிபந்தனைய மீறின மாதிரி. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வண்டியத் தந்த ஓனரும் பதில் சொல்லணும். வண்டி யாரு பேருல?”

“மேடம், அவருக்கு மட்டும் வேண்டாம்.” முருகதாஸின் குரல் இறங்கிவிட்டது. “இந்த வேலை போனா திரும்ப மலை ஏறணும். கால் இல்ல. எனக்கு மட்டும் போடுங்க, எவ்வளவு வேணும்னாலும் போடுங்க.”

எஸ்.ஐ. அவன் காலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். “பிரிச்சு வச்சிருந்தா இந்நேரம் மார்த்தாண்டத்தைத் தாண்டியிருப்பிய,” என்று சொல்லிவிட்டு அமுக்கினார். மெசேஜ் வண்டி யார் பேரில் இருந்ததோ அவர் போனுக்குப் போய்விட்டது.

“இனி நீங்க ஓட்டப்பிடாது. லைசென்ஸ் உள்ளவங்க ஓட்டட்டும்.”

முருகதாஸ் இறங்கினான். பிரிஜா முன்னால் நகர்ந்து, சாவியைத் திருப்பினாள். அவன் இரண்டு சுருட்டையும் பிய்த்து எடுத்தான். அது கையில் ஒட்டிக்கொண்டு விடவில்லை, சட்டையில் துடைத்தான், சட்டையிலும் ஒட்டியது.

சுருட்டுகளோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டான். குழித்துறை வரைக்கும் பிரிஜா ஓட்டினாள். பஸ்ஸை ஒதுக்கி, ஆட்டோவை ஒதுக்கி, மார்த்தாண்டம் நெருக்கடியில் நத்தைபோல நுழைந்து, கடை வாசலில் காலை ஊன்றாமல் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கமருதீன் வாசலிலேயே நின்றார், கையில் போன்.

“மெசேஜ் வந்துட்டு,” என்றார்.

“மொதலாளி, போர்டு இருந்துது. வெயிலு கூடிப்போச்சு...”

“அல்லாவே, வெயிலுக்கும் எல்லுக்கும் என்னலே சம்பந்தம்?” பிறகு அவன் சட்டையில் இருந்த சிவப்பையும் வெள்ளையையும் பார்த்தார், எல்லாம் விளங்கிவிட்டது. அவரும் முப்பது வருடம் ரப்பரோடு கிடக்கிறவர். “ஷீட்ல செஞ்சியா? ஒனக்க கண்ணை நம்பியா நான் தரம் பாக்க விடப்போனேன்! சாவி எங்க?”

முருகதாஸ் கையை நீட்டினான். சாவி பிரிஜாவிடம் இருந்தது. அவள் தரவில்லை.

“கண்ணுக்குக் கேடில்ல மொதலாளி. ரோசத்துக்குத்தான் கேடு,” என்றாள். “உங்களுக்கு ஒரு ஆளுதானே வேணும்? லைசென்ஸ் எனக்கிட்ட இருக்கு. கியர் உள்ளது. நாளைக்கே ஓட்டுவேன்.”

“ஒனக்கு ஷீட் பாக்கத் தெரியுமா?”

“அதுக்குத்தான் பின்னால ஒண்ணு இருக்குல்லா.”

கமருதீன் அவளையும் பார்த்தார், பின்னால் இருந்த அந்த ஒன்றையும் பார்த்தார். தாடியைச் சொறிந்தார். “ரெண்டு ஆளுக்கு ஒரு சம்பளந்தான்.”

“ஒண்ணரை.”

“ஒண்ணேகால். அதுக்கு மேல கேட்டா ரெண்டு பேரும் நடந்து போங்க.”

“சரி. வேலைய எனக்க பேருல எழுதுங்க. அண்டியாபீஸை நான் விடணும்லா.”

முருகதாஸ் வாயைத் திறந்தான். கமருதீன் கையைக் காட்டினார். “நீ பேசாத. ஒனக்க பேருல ஒரு கேஸ் இருக்கு.”

வண்டிப் பக்கம் வந்ததும் முருகதாஸ் வழக்கம்போல முன்சீட்டுப் பக்கம் போனான். பிரிஜா அவனைச் சுற்றிப் போய் முன்னால் ஏறிக்கொண்டாள்.

“டெஸ்ட் பாஸாவட்டும்,” என்றான். “அதுக்கப்புறம் நான்தான் ஓட்டுவேன். கேட்டியா?”

“அதுக்கப்புறம் பாப்போம். ஏறுங்க.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினான். இருபத்தைந்து வருடத்தில் இன்று கடைக்கு வரும்போதுதான் முதல்தடவையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தான். அப்போது கையில் ரப்பர் இருந்தது. இப்போது கை சும்மா இருந்தது. அவள் தோளைப் பிடிக்கப் போனான், தெருவில் ஆட்கள். சீட்டைப் பிடிக்கப் பார்த்தான், அதில் பிடி இல்லை.

“எங்கயாவது ஒரு எடத்தப் பிடியுங்க,” என்றாள் பிரிஜா, கிளட்சை விட்டுக்கொண்டே.